முதலில் வெப்சைட்டா, அமேசானா? கடலைமிட்டாய் பட்டறைக்காரர் மகனுக்கு ஒரு நீளமான பதில்

கேள்வியைச் சுருக்கமாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கடலைமிட்டாய் பட்டறை. நீங்கள் பி.காம் கடைசி வருஷம். பாடத்தில் ஈ-பிசினஸ் என்று ஒன்று வருகிறது, ஈ-காமர்ஸ் என்று இன்னொன்று வருகிறது, இரண்டும் ஒன்றுதானா? அப்புறம், சரக்கை ஆன்லைனில் விற்பதென்றால் முதலில் வெப்சைட் போடுவதா, அமேசான் மாதிரித் தளத்தில் சேர்வதா? நான் சாத்தூர் பக்கம் பத்து வருஷத்துக்கு மேலாகச் சேவும் முறுக்கும் ஆன்லைனில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அதனால் பாடத்தையும் பட்டறையையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் அப்பாவின் போனிலேயே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து ஒரு கடைக்காரர் வாட்ஸப்பில் “அண்ணாச்சி, 40 கிலோ போட்டு விடுங்க” என்று அனுப்புகிறார், அப்பா லாரி ஆபீஸில் போட்டு ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார், அவர் ஜிபேயில் பணம் போடுகிறார். விற்றதும் வாங்கியதும் மின்வழியில் நடந்துவிட்டது இல்லையா, அதுதான் ஈ-காமர்ஸ், மின்வணிகம். வாங்குபவரும் கடைக்காரர் என்பதால் பாடப்புத்தகம் இதை பி-டு-பி, அதாவது வியாபாரியிடமிருந்து வியாபாரிக்கு, என்று சொல்லும். அதே மிட்டாயைப் பெங்களூரில் ஒரு வீட்டுக்கு அனுப்பினால் பி-டு-சி, வியாபாரியிடமிருந்து நுகர்வோருக்கு. வீட்டுப் பழைய கிரைண்டரை ஓஎல்எக்ஸில் ஒருவருக்கு விற்றால் சி-டு-சி, நுகர்வோரிடமிருந்து நுகர்வோருக்கு. பரீட்சைக்கு இந்த மூன்றையும் எழுதிவிடலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஈ-பிசினஸ் அதைவிடப் பெரிய வட்டம். நிலக்கடலை இன்றைக்கு என்ன விலை என்று ஈ-நாம் மாதிரி மின்சந்தையில் பார்ப்பது, இருப்புக் கணக்கை எக்செல்லில் வைப்பது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் அதற்கான மின்சீட்டான ஈ-வே பில் எடுப்பது, வேலையாட்களுக்குக் கூலியை வங்கிக் கணக்கில் போடுவது, வாங்கியவர் புகார் சொன்னால் அதைப் பதிந்துவைத்துத் தீர்ப்பது, இதெல்லாம் விற்பனையே கிடையாது. ஆனால் இது இல்லாமல் விற்பனை நிலைத்து நடக்காது. ஈ-பிசினஸ் என்ற சொல்லை ஊரறியச் செய்தது ஐபிஎம் நிறுவனம், 1997இல் விளம்பரம் விளம்பரமாகப் போட்டு. ஆனால் காரியம் அதற்கும் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. 1960களிலேயே அமெரிக்காவில் ரயில், லாரி, கப்பல் கம்பெனிகள் சரக்குச் சீட்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்ப வழி தேடின. ஈடிஐ, அதாவது மின்வழித் தரவுப் பரிமாற்றம், என்று பாடத்தில் வருமே, அது அங்கிருந்து வந்ததுதான். ஆக வரலாற்றிலும் கணக்கு, சீட்டு என்ற பின்கட்டு வேலைதான் முதலில் வந்தது, கடை முகப்பு அப்புறம்தான். ஆன்லைனில் விற்க ஆசைப்படுகிற முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், முதலில் முகப்பைக் கட்டிவிட்டுப் பின்கட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வரலாறு கேட்டால் இரண்டு மூன்று விஷயம் போதும். 1979இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் வீட்டு டிவியைத் தொலைபேசி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் காட்டினார். 1984இல் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி அதே முறையில் டிவி ரிமோட்டை வைத்து டெஸ்கோ கடையில் மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆர்டர் போட்டார். வீட்டிலிருந்து ஆன்லைனில் மளிகை வாங்கிய முதல் ஆள் என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். அமேசான் புத்தகம் விற்க ஆரம்பித்தது 1995இல், ஈபே வந்ததும் அதே வருஷம். நம் நாட்டில் ஆன்லைனில் பணம் கட்டும் பயத்தைப் போக்கியது என்று கேட்டால் நான் ஐஆர்சிடிசியைத்தான் சொல்வேன். 2002இல் ஆரம்பித்தபோது ஆன்லைனில் காசு கட்டினால் காகித டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும், 2005இல்தான் இ-டிக்கெட் வந்தது. ஃபிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கி, 2010இல் பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. கார்டு இல்லாத வீடும் ஆன்லைனில் வாங்க வந்தது அதனால்தான். 2016 ஏப்ரலில் யுபிஐ, அதே வருஷம் செப்டம்பரில் ஜியோவின் மலிவான டேட்டா, நவம்பரில் பணமதிப்பிழப்பு. அந்த ஒரே வருஷத்தில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் போனில் பணம் வந்து சேர ஆரம்பித்தது.

சரி, இப்போது உங்கள் பட்டறைக்கு வருவோம். வெப்சைட்டா அமேசானா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு தராசும் ஒரு இஞ்ச் டேப்பும் எடுங்கள்.

கூரியர்காரர் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணும் நிஜ எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. அதுவும் அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் ஏறும். நான் ஆரம்பத்தில் முறுக்கு உடையக் கூடாது என்று பெரிய பெட்டியில் காற்றுப்பை எல்லாம் வைத்து அனுப்பினேன். ஒரு கிலோ முறுக்குக்கு 30க்கு 20க்கு 15 பெட்டி, கணக்குப் போட்டால் 1.8 கிலோ வருகிறது, இரண்டு கிலோவுக்குப் பில். மூன்று மாதம் கழித்துப் பில்லை உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, லாபம் மொத்தமும் காற்றுக்குப் போயிருக்கிறது. கடலைமிட்டாய் அந்த விதத்தில் அருமையான சரக்கு, கெட்டியானது, இடத்தை அடைக்காது, முறுக்கு மாதிரி நொறுங்காது. 300 கிராம் பாக்கெட் மூன்று போடுங்கள், 900 கிராம். பெட்டி, டேப், உறை எல்லாம் சேர்ந்து 90 கிராமுக்குள் நின்றால் 990 கிராம். பெட்டி 24க்கு 18க்கு 11 என்றால் 4752, வகுத்தால் 0.95. இரண்டு கணக்கிலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. அதே ஒரு முழுக் கிலோவாகப் போட்டால் பெட்டி எடையோடு ஒன்றைத் தாண்டி ஒன்றரைக்குப் பில் வரும். கடையில் கிலோக் கணக்குதான் சரி, பார்சலில் 900 கிராம்தான் சரி. இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது காசுக் கணக்கு. இது ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்ட எண்கள், உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், வரியையும் விளம்பரச் செலவையும் நான் சேர்க்கவில்லை. 900 கிராம் பெட்டி 360 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கடலை, வெல்லம், கூலி, அடுப்புச் செலவு 170. பாக்கெட், பெட்டி, டேப் 28. கூரியர் 60. பணம் வாங்கித் தருகிற கட்டணம் 9. மொத்தம் 267, கையில் 93. நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது கேஷ் ஆன் டெலிவரியில் 100 பார்சல் அனுப்புகிறீர்கள், அதில் 20 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, “நான் ஆர்டரே போடலையே”, இப்படி. எங்கள் தொழிலில் இதற்கு ஆர்டிஓ, அதாவது ‘ரிட்டர்ன் டு ஆரிஜின்’, அனுப்பியவருக்கே திரும்பி வருவது, என்று பெயர். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக 60, வர 60, பேக்கிங் 28, இரண்டு வாரம் வண்டியிலும் குடோனிலும் கிடந்த தின்பண்டத்தை மறுபடி விற்க முடியாது என்பதால் சரக்கு 170, ஆக 318. இருபதுக்கு 6,360 நஷ்டம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த 80க்கு லாபம் 7,440. கழித்தால் 1,080 ரூபாய். நூறு பெட்டி கட்டி, நூறு முகவரி ஒட்டி, பெட்டிக்குப் பதினோரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. துணிக்கடைக்காரர் திரும்பி வந்த சேலையை மடித்து மறுபடி விற்றுவிடுவார், நம்மால் முடியாது. அதனால் தின்பண்டத்துக்கு முதல் ஆறு மாதம் கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முன்பணம் கொடுப்பவருக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுங்கள், அது எவ்வளவோ லாபம்.

கணக்கு இப்படி இருக்கும்போது 80 ரூபாய் பாக்கெட் ஒன்றை மட்டும் ஆன்லைனில் விற்க நினைப்பது வீண். பலரும் விழுகிற இடம் இது. கூரியர் செலவு பாக்கெட் விலையை எட்டிப்பிடிக்கும். சேர்த்துக் கட்டுங்கள், எள்ளுமிட்டாயும் பொரி உருண்டையும் உங்களிடம் இருந்தால் கலந்து கட்டுங்கள்.

அடுத்தது காகிதங்கள். தின்பண்டம் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவோ உரிமமோ கட்டாயம், அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எம்ஆர்பி, நிகர எடை, தயாரித்த தேதி, முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண், இவை பாக்கெட் மேலும் வேண்டும், விற்பனைப் பக்கத்திலும் பொருந்துவதைக் காட்ட வேண்டும். 2024 நவம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ ஆன்லைன் தளங்களிடம், பொருள் கையில் கிடைக்கும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருப்பதை உறுதிசெய்யச் சொன்னது. அதனால் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடும் இடமாக ஆன்லைனை நினைக்கவே கூடாது. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, வெளிமாநிலத்துக்கு வரி உள்ள சரக்கை விற்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் தளம் வழியாக விற்பதென்றால், 2023 அக்டோபர் 1 முதல் 40 லட்சம் வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் முழுப் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் வாங்கி விற்கலாம். உங்கள் சரக்குக்கு எந்த வரி விகிதம் என்பதை உங்கள் ஆடிட்டரிடமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சொத்து உங்களிடம் இருக்கிறது, அதைப் பற்றிக் கேள்வியில் நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, எனக்கு வருத்தமாக இருந்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் வாங்குபவர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவார், ஆன்லைனில் அது முடியாது. மும்பையில் இருப்பவருக்குத் திரையில் தெரிவது ஒரு படமும் ஒரு பெயரும்தான். யார் வேண்டுமானாலும் கோவில்பட்டி என்று பெயர் போட்டுக்கொள்கிற இடம் அது. சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அப்பாவின் பெயரை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவுசெய்துவிட்டால் அந்தக் குறியீட்டை உரிமையோடு பாக்கெட்டில் போடலாம். உங்கள் ஊர்த் தயாரிப்பாளர் சங்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மின்வணிகத்தில் நம்பிக்கை என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கும், உங்கள் பட்டறையில் அந்த நம்பிக்கைக்கு ஒரு சான்றிதழே கிடைக்கும்.

சரி, எங்கே விற்பது? பெரிய தளத்தில் கூட்டம் இருக்கிறது, அதுதான் அதன் பலம். ஆனால் கமிஷன், ஆர்டருக்கு ஒரு நிலைக் கட்டணம், அனுப்பும் கட்டணம், இந்தக் கட்டணங்கள் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, எல்லாம் போய் மிச்சம்தான் வரும், அதுவும் சில நாள் கழித்து. போகிற வழியில் தளமே முன்கூட்டி வரியாக ஜிஎஸ்டி டிசிஎஸ் 0.5 சதவீதமும் வருமான வரி டிடிஎஸ் 0.1 சதவீதமும் பிடிக்கும், அது உங்கள் கணக்கில்தான் சேரும், மறக்காமல் ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய குறை, வாங்கியவர் யார் என்றே நமக்குத் தெரியாது. ஒருவர் நம் மிட்டாயைப் பத்துத் தடவை வாங்கியிருப்பார், தீபாவளிக்கு அவருக்கு ஒரு செய்தி அனுப்ப நம்மிடம் எண் இருக்காது. அவர் தளத்தின் வாடிக்கையாளர், நம்முடையவர் இல்லை.

சொந்த வெப்சைட்டில் எல்லாம் நம்முடையது, ஆனால் ஆள் வர வேண்டுமே. விளம்பரம் போட்டு ஒவ்வொரு ஆளாகக் கூட்டிவர வேண்டும். ஆரம்பத்தில் அந்தச் செலவு ஒரு பெட்டியின் லாபத்தை எளிதாகத் தின்றுவிடும். அரசு முயற்சியில் 2021 கடைசியில் ஓஎன்டிசி என்று ஒன்று வந்தது, யுபிஐயில் யாருடைய ஆப்பிலிருந்தும் யாருக்கும் பணம் போவதுபோல, ஒரு ஆப்பில் பதிந்த விற்பனையாளரின் சரக்கை இன்னொரு ஆப்பிலிருந்து வாங்கலாம் என்ற ஏற்பாடு. யோசனை எனக்கு மிகவும் பிடித்தது, சிறு வியாபாரி ஒரே தளத்தின் கையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இப்படி ஒன்று வேண்டும். ஆனாலும் முதல் அடிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

நான் சொல்வது வாட்ஸப் பிசினஸ். ஒரு தனி எண், அதில் கேட்டலாக், நான்கு பொருள், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம். பாகு காய்ச்சுவதையும் பலகையில் ஊற்றித் தேய்ப்பதையும் துண்டு போடுவதையும் அரை நிமிஷ வீடியோவாக இன்ஸ்டாகிராமில் போடுங்கள். பட்டறைச் சத்தம் அப்படியே இருக்கட்டும், மேலே பாட்டெல்லாம் வேண்டாம். வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர், அவருக்கு அந்தச் சத்தம் போதும். மாதம் நூறு பெட்டி தொடர்ந்து போக ஆரம்பித்தால், யாரெல்லாம் மறுபடி வாங்குகிறார்கள் என்று தெரிந்தபின் வெப்சைட் போடுங்கள். பெரிய தளத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் வையுங்கள், புதிய ஆட்கள் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக. அப்பாவின் நாற்பது கிலோ லாரி ஆபீஸ் வியாபாரம் இருக்கிறதே, அதை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். கிலோவுக்கு அனுப்பும் செலவு அதில்தான் மிகக் குறைவு.

மோசடி பற்றி ஒரு வார்த்தை. புதிதாக எண் போட்ட ஒரு மாதத்துக்குள் உங்களுக்கு ஒரு போன் வரும். நூறு கிலோ வேண்டும், ராணுவ கேம்பில் இருக்கிறோம், அட்வான்ஸ் இப்போதே போடுகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள் என்பார். பணம் நமக்கு வருவதற்கு நாம் பின் போடவே வேண்டாம். பின் போட்டால் பணம் போகிறது என்றுதான் அர்த்தம். இதை அப்பாவிடமும், பட்டறையில் போன் எடுக்கும் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். இன்னொரு வகை, பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது. எங்கள் வீட்டில் என் தங்கை அப்படி ஒரு படத்தை நம்பி ஆறு கிலோ சேவு அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து வங்கியின் செய்தியைப் பார்க்காமல் பெட்டியில் டேப் ஒட்டுவதில்லை. தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகும்.

புகார் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், விற்பவரே வாடிக்கையாளர் வேஷத்தில் விமர்சனம் எழுதக் கூடாது. நீங்கள் 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஐப்பசியில் நான் அனுப்பிய சேவு சென்னையில் நமத்துப்போய்ச் சேர்ந்தது, பாக்கெட் சீலிங் ஓரத்தில் மயிரிழை இடைவெளி. பதினோரு பேர் போன் செய்தார்கள். பதினோரு பேருக்கும் மறுநாளே புதுப் பெட்டி அனுப்பினேன், பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. அதில் ஏழு பேர் இன்னும் வாங்குகிறார்கள். வெல்லப்பாகு ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும், அதனால் சீலிங் மெஷினில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மழைக்காலத்தில் தொகுதிக்கு இரண்டு பாக்கெட்டையாவது தண்ணீர் வாளியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

அப்புறம், கடைக்குப் பெயர் யோசிப்பதற்கு முன்னால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பத்துப் பெட்டி கட்டி, சென்னை, பெங்களூர், மும்பை, டெல்லி என்று வேறு வேறு பின்கோடில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு மூன்று வேறு கூரியரில் அனுப்புங்கள், ஒன்றிரண்டை ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள். திறக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆனது, எந்த மூலை நசுங்கியது, எவ்வளவு பில் வந்தது, வாயில் போட்டால் மொறுமொறுப்பு இருந்ததா, நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வந்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள் தம்பி, எந்தக் கூரியர், என்ன விலை என்று அப்போது குறிப்பாகவே சொல்லிவிடலாம்.